எரிந்து அணைய வேண்டிய விளக்குகள்

சாவியைத் திருகியதும் அக்கா வண்டியைக் கிளப்ப மாட்டார். பாதித் திருகலில் நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கறுப்புக் கண்ணாடியையே பார்ப்பார். சிவப்பும் மஞ்சளுமாகப் படங்கள் எல்லாம் ஒன்றாக எரியும். அக்கா உதட்டுக்குள் பெயர் கூப்பிடுவார்: "கெண்டி. பெட்டி. மடியிலை பிள்ளை. ஆச்சரியக்குறி. எஞ்சின்." பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகை எடுப்பது மாதிரிதான். எல்லோரும் வந்தாயிற்று என்று மனம் ஆறினால்தான் சாவி மிச்சத் தூரம் போகும். வண்டி உறுமும், படங்கள் ஒவ்வொன்றாக அணையும். கடைசிப் படமும் அணைந்த பிறகு, "சரி, போவம்" என்பார்.

கெண்டி என்பது எஞ்சின் எண்ணெய்க்கான விளக்கு. மூக்கு நீண்ட பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டு விழுகிற படம் அது. பெட்டி என்றால் பேட்டரி. ஆச்சரியக்குறி பிரேக்குக்கு. மடியில் ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன், மோதினால் விரியும் காற்றுப் பைக்கு உரியவன். அதை உருண்டை என்று அக்கா ஒத்துக்கொண்டதே இல்லை. "பிள்ளைதான். வடிவாப் பாரும்" என்பார்.

மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். மேல்தளத்தில், இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால் நானும் என் கணவரும். அவர்கள் யாழ்ப்பாணம், நாங்கள் திருச்சி. என் கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எனக்கு ஜன்னல் பார்க்கும் வேலை. அக்காவுக்குக் கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை ஷிஃப்ட். விடிவதற்கு முன்னால் அங்கே கஞ்சி கொதிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்ச் சேருவது என்றால் முந்தின நாளே கிளம்ப வேண்டும் என்று அவர் கணவர் கேலி செய்வார். அந்தப் பழைய சாம்பல் நிறக் கார் இருந்ததால்தான் வேலை இருந்தது. வேலை இருந்ததால்தான் வாடகையும், ஊரில் இருந்த தங்கைக்கு மாதாமாதம் போன பணமும். ஆகவே காரின் உடம்புக்கு ஒன்று என்றால் அக்கா பதறுவார் என்பதில் நியாயம் இருந்தது.

ஆனால் அவர் பதறிய விதம்தான் உலகத்தில் வேறு எங்கும் காணாதது. ஒரு விளக்கு எரிந்தால் அக்காவுக்குப் பயமில்லை. "சொல்லிப்போட்டுது. இனி நாங்கள் பாத்துக்கொள்ளலாம்" என்பார். எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருந்தால்தான் முகம் மாறும்.

அவர் வீட்டிலும் இதே சட்டம்தான். அக்காவின் கணவர் எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். குளிரைத் திட்டுவார், பிரெஞ்சைத் திட்டுவார், கறியில் உப்பைத் திட்டுவார். அக்கா காதிலேயே வாங்க மாட்டார். அவர் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் நாளில்தான் கிட்டப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

புகை மணி விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நம்மவர்கள் வீட்டுக்குக் குடிவந்ததும் பால் காய்ச்சுகிறார்களோ இல்லையோ, முதல் வாரத்திலேயே கூரையில் இருக்கும் புகை மணியின் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் மிளகாய் தாளிக்கும் போதெல்லாம் அது ஊரைக் கூட்டும். நானும் கழற்றியிருந்தேன். அக்கா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தபோது, சோபாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார்.

"உதின்ரை பற்றறி எங்கை?"

"டிராயர்ல இருக்குக்கா. தாளிக்கும்போதெல்லாம் கத்துது."

"கத்துறதுக்குத்தானே, பிள்ளை, வைச்சிருக்கு."

தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தானே மாட்டிவிட்டுத்தான் இறங்கினார். அவர் வீட்டில் மீன் பொரித்தால் மணி அலறும். அவர் கணவர் துண்டை விசிறிக்கொண்டு கீழே குதிப்பார், திட்டுவார். அக்கா நிதானமாக மீனைத் திருப்பிப் போடுவார். மாடியில் இருந்த எங்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு மணி.

அக்காவின் இந்தக் குணத்தால் எங்களுக்கு நஷ்டமும் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு அவருடைய காரில் போய்க்கொண்டிருந்தோம். வெப்பம் காட்டும் ஊசி எப்போதும் நடுவில் நிற்க வேண்டும் என்பது அக்காவின் வேதம். அன்றைக்கு அது நடுவைவிட ஒரு நூல் மேலே போய்விட்டதாம். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு எங்களைப் புல்லில் உட்கார வைத்தார். "சுடேக்கை ஓடினா எஞ்சின் வெந்துபோம். ஆறட்டும்." எஞ்சின் ஆறியது, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தாலியும் கட்டியாகிவிட்டது, சாப்பாடும் ஆறிவிட்டது. அக்காவின் கணவர் திரும்பி வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார். அக்கா சந்தோஷமாக ஓட்டினார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது அப்போது எங்கள் வட்டத்தில் வழக்கமாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது கர்க்லாண்டில் ஒரு வீட்டுக்குப் போனோம். விற்கிறவர் மரியாதைக்காரர், காப்பி கொடுத்தார். வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. என் கணவர் அப்போதே மனதுக்குள் அதை வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டார். அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைப் பாதி திருகினார். "கெண்டி வந்திட்டுது. பெட்டி வந்திட்டுது. பிள்ளை வந்திட்டுது…" அங்கேயே நின்றுவிட்டார். மறுபடி அணைத்துத் திருகினார். "எஞ்சின் படம் வரேல்லையே."

"அது நல்லதுதானேக்கா? எரியலைன்னா பிரச்சினை இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் என் கணவர்.

"எரிஞ்சு அணைஞ்சாத்தான் பிரச்சினை இல்லை, தம்பி. எரியவே இல்லையெண்டா, ஒண்டில் பல்ப் செத்துப் போச்சு, இல்லாட்டி ஆரோ அதின்ரை வாயைப் பொத்திப்போட்டினம்."

காப்பிக்கு மெர்சி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இந்தக் கதையின் முடிவு அக்காவுக்குப் பெருமை சேர்க்காது. அதே காரை என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் வாங்கினார். அது பல வருடம் ஒரு தும்மல்கூடத் தும்மாமல் ஓடியது. என் கணவர் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் சொன்னபோது, "நல்லம், அவை சந்தோசமா ஓடட்டும்" என்றார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மறுவாரம் வேறொருவருக்குக் கார் பார்க்கப் போய், அங்கேயும் பெயர் கூப்பிட்டார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நானும் துருவிப் பார்த்தேன். யுத்தமா, இழப்பா, சின்ன வயதில் ஏதாவது பட்டுவிட்டாரா என்று கேட்டுக்கூட விட்டேன். "ஏன், ஒரு மனிசி அவதானமா இருக்கிறதுக்கும் சண்டை நடந்திருக்க வேணுமோ?" என்று சிரித்தார். பிறவிக் குணம் என்று விட்டுவிட்டேன்.

என் குணம் நேர் எதிர். வலித்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன், கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பேன். பொறுமைசாலி மருமகள் என்று பெயர் வாங்கியவள் நான். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்த அந்தக் கோடையில் வீடு அடுப்பாகக் கொதித்தபோதும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காதான் ஒரு நண்பகலில் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "மொன்ட்ரியால்-நோருக்குப் போறன், கராஜுக்கு. வாறீரோ? காத்துப் படும்."

காரின் ஊசி இரண்டு நாட்களாக நடுவைத் தாண்டிக்கொண்டிருந்ததாம். எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது. மெக்கானிக் போனில், மெதுவாக, நேராகத் தன்னிடம் கொண்டுவரும்படியும், வேறெங்கும் ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அக்கா பூனையைக் கூடையில் கொண்டுபோவது போல அந்தக் காரைக் கொண்டுபோனார். வழியில் கதை. வயிற்றில் உள்ளது பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவரும், பையன் என்று நானும். கராஜின் பலகை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், சும்மா, பெருமையாகத்தான் சொன்னேன்:

"இன்னைக்கு ரொம்ப சமத்துக்கா. ஒரு உதை இல்ல. நல்லா தூங்க விட்டுச்சு."

அக்கா பேச்சை நிறுத்தினார்.

"எப்ப தொடக்கம்?"

"நேத்து ராத்திரிலேருந்துன்னு நினைக்கிறேன்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முன்னாடி புட்பால்தான்."

"வயித்தை அமத்திப் பாரும். நல்லா. கூப்பிட்டுப் பாரும்."

அமுக்கினேன். கூப்பிடவில்லை, கூச்சமாக இருந்தது. ஒன்றும் அசையவில்லை. கடைசி மாதத்தில் இடம் போதாமல் பிள்ளை அடங்கிவிடும் என்று யாரோ சொன்னதை நான் சொல்லத் தொடங்கும்போதே கராஜ் எங்களைக் கடந்து பின்னால் போனது. மெக்கானிக் வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"அக்கா, கராஜ் போயிடுச்சு."

"போகட்டும்."

எனக்குப் பதிவாகியிருந்த மருத்துவமனை ஊருக்கு நடுவே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் வேறு மருத்துவமனை இருந்திருக்கும். எங்கள் இருவருக்கும் வழி தெரிந்தது அது ஒன்றுதான். அப்போது கைபேசி இரண்டு பேரிடமும் கிடையாது. கராஜில் இறங்கி அங்கிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே, வேறு வண்டி கேட்டிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "இறங்கிக் கதைச்சா நான் யோசிச்சிடுவன், பிள்ளை" என்றார். யோசித்திருந்தால் பிழையா என்றும் எனக்குத் தெரியாது.

நெடுஞ்சாலையில் ஏறியபோது ஊசி முக்கால் பங்கு ஏறியிருந்தது. அக்கா ஜன்னல்கள் நாலையும் இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுவதுமாகத் திருகினார். அந்தக் கொதிக்கும் கோடையில் சூடான காற்று என் கால்களில் வந்து மோதியது.

"அக்கா, ஹீட்டர்!"

"தெரியும். எஞ்சின்ரை சூட்டை இஞ்சாலை இழுக்கிறன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்."

பொறுத்துக்கொள்வது எனக்குத் தெரிந்த கலைதானே. ஆனால் அன்றைக்கு முடியவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு வயிற்றைத் தட்டி, கண்ணு, செல்லம், எழுந்திருடா என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அக்காவும் கூப்பிட்டார். அவர் சாலையைப் பார்த்தபடி கூப்பிட்டார்: "எழும்படி. எழும்பி எங்களை ஏசு. உதை."

மலைச்சாலையின் ஏற்றத்தில் ஊசி சிவப்புக்குள் போனது. சூட்டுக்கான சிவப்பு விளக்கும் எரிந்தது. அது எப்படி எரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எஞ்சின் ஓடும்போது அந்தக் காரில் அது எரிந்து நான் பார்த்ததில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஊசி ஒரு நூல் ஏறியதற்காகக் கல்யாணத்தையே தவறவிட்டவர். அவர் விளக்கைப் பார்த்தார். பார்க்காமல் இல்லை, நன்றாகவே பார்த்தார். பிறகு காலை இன்னும் அழுத்தினார்.

முன்மூடியிலிருந்து ஆவி வந்தது. எஞ்சினுக்குள் யாரோ கல்லை அரைக்கிற சத்தம். மருத்துவமனை வாசலில், ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடத்தில், அக்கா நிறுத்துவதற்கு முன்பே வண்டி தானாக நின்றுவிட்டது. காவலர் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அக்கா சாவியை அவர் கையில் வைத்து, "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் எல்லாவற்றிலும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: பிள்ளை அசையவில்லை.

இதயத் துடிப்பு இருந்தது. ஆனால் மெதுவாக, தயங்கித் தயங்கி. தொப்புள் கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. கையெழுத்து வாங்கக்கூட அவசரப்பட்டார்கள். அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா கூடவே ஓடிவந்தார். கதவு அவரை நிறுத்தியது. மயங்குவதற்கு முன்னால் எனக்கு ஞாபகம் இருப்பது, நான் "வலிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னதுதான். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

பெண். எடை குறைவு, குரல் அதிகம். தாமதித்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மறுநாள் அக்கா வந்தபோது குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் தூக்க வந்தாள், என் கணவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். அக்கா எல்லோரையும் கையமர்த்திவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, கச்சேரி கேட்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. நானும் சத்தமாகவே அழுதேன்.

அவர் வந்தது பஸ்ஸில். கார் இனி ஓடாது, எஞ்சின் வெந்துவிட்டது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். என் கணவர் அந்தப் பேச்சை எடுத்தார். அக்கா எடுக்க விடவில்லை. அந்த வருடம் பனிக்காலம் முழுவதும், வாசல் படிகளில் உறைந்த பனியை எங்கள் வீட்டுச் சோப்புத் தூள் டப்பாவில் வைத்திருந்த உப்பால் கரைத்துக்கொண்டு, இருட்டில் இறங்கி பஸ்ஸுக்குப் போனார். பிறகு அந்தக் காலை வேலையும் கைவிட்டுப் போனது. பக்கத்திலேயே கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற, சம்பளம் குறைந்த வேலைக்குப் போனார். "இஞ்சை ஒரே கூச்சல். எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். நான் நம்பியும் நம்பாமலும் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? "ஊருக்கெல்லாம் லைற் பாத்துச் சொன்னவ, தன்ரை எஞ்சினை அவிச்சுப்போட்டா" என்ற கேலி கோயில் வரைக்கும் போனது. அக்கா என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். கார் கெட்டது அதனால் என்பது எனக்கும் என் கணவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அக்காவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். தன் கணவரிடமும் அதையே சொல்லியிருந்தார். அவர் முணுமுணுக்க இன்னும் ஒரு விஷயம் கிடைத்தது.

மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டில் கூட்டம். பழைய காரைப் பற்றிப் பேச்சு வந்ததும் அக்காவின் கணவரே தொடங்கினார். "எங்கடை மனிசிக்கு ஊசி ஒரு நூல் ஏறினாத் தெரியும். எஞ்சின் எரிஞ்சாத் தெரியாது." கூடம் முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து, "தட்டுகள் குறையுது, வாரும்" என்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏன்க்கா? எத்தனை நாளைக்கு அவங்க சிரிப்பாங்க? நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"

"சிரிச்சா எனக்கென்ன தேஞ்சே போகுது?"

"உண்மையைச் சொன்னா என்ன?"

"சொன்னா நாளைக்கு இவளுக்கும் சொல்லுவினம். இந்த அன்ரி உனக்காகக் காரை விட்டவ, வேலையை விட்டவ எண்டு. பேந்து இவள் என்னைக் காணேக்கை எல்லாம் தலையைக் குனிஞ்சு, வணக்கம் சொல்லி, மரியாதையா நிப்பாள்." அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கு அது வேண்டாம். எனக்கு என்னோடை சண்டை பிடிக்கிற பிள்ளைதான் வேணும்."

 அதற்குள் என் மகள் ஓடிவந்தாள். அக்காவின் தோள்பையில் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சள் பலூன் தனக்குத்தான் என்றாள். அக்கா தர மாட்டேன் என்றார். "இது என்ரை. நான் கேக்குச் சாப்பிடாம இருந்து வாங்கினது." மகள் பிரெஞ்சில் கத்தினாள், பிறகு தமிழில் கத்தினாள், காலைத் தரையில் உதைத்தாள், அக்காவின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, "அன்ரி, நீங்க கூடாத அன்ரி!" என்றாள்.

"நீதான் கூடாத பிள்ளை. போடி" என்றார் அக்கா, பலூனை இன்னும் உயரத்தில் பிடித்துக்கொண்டு.

நான் சிங்க்கின் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்து, தட்டுகளைக் கழுவத் தொடங்கினேன்.